காட்டாமணக்கில் தவறியது எது? எத்தனாலும் அதே வழிதானா?

கேள்வி: மானாவாரிக்காரன் (செங்கம் பக்கம்)

அனைவருக்கும் வணக்கம். 2007ஆம் ஆண்டில் என் தந்தையார், ஆண்டுதோறும் மணிலா (நிலக்கடலை) விதைத்து வந்த இரண்டரை ஏக்கர் மானாவாரிக் கொல்லையில், டீசலில் கலக்கும் எண்ணெய்க்காகக் காட்டாமணக்கு நட்டார். தண்ணீர் தேவையில்லை என்றும், மூன்றாம் ஆண்டிலிருந்து விதையைத் தாங்களே எடுத்துக்கொள்வதாகவும் கன்று கொடுத்த நிறுவனத்தார் எழுதிக் கொடுத்திருந்தார்கள். நான்காம் ஆண்டில் இரண்டு கோணி விதை கிடைத்தது. எடுக்க ஆள் வரவில்லை. மறு ஆண்டு ஜேசிபி வைத்துப் பிடுங்கிவிட்டு மணிலாவுக்கே திரும்பினோம். இன்று பெட்ரோல் பங்குகளில், கரும்பிலிருந்தும் தானியத்திலிருந்தும் வடிக்கும் எரிசாராயமான எத்தனால் 20 விழுக்காடு கலந்த பெட்ரோல் போடுகிறார்கள். அன்று தவறியது செடியா, திட்டமா? எத்தனாலும் அந்த வழியில்தான் போகுமா?

பதில் 1: தரிசு

வேளாண் விரிவாக்கப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன். 2003இல் மத்திய அரசின் திட்டக் குழுவின் அறிக்கை காட்டாமணக்கைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. விதையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எண்ணெய். அதுவும் உண்ணத் தகாத எண்ணெய் என்பதால், சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்யும் நாட்டில் அடுப்படியோடு அதற்குப் போட்டியில்லை. ஒரு கோடி ஹெக்டேருக்கும் மேற்பட்ட நிலத்தில் நட்டால் டீசலில் 20 விழுக்காடு வரை கலக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள்.

அந்தக் கணக்குக்கு அடிப்படையாக இருந்தது வேலியோரத்துச் செடி. ஆடு கடிக்காது, தண்ணீர் ஊற்றாமலே பச்சையாக நிற்கும். ஆனால் செடி பிழைத்துக் கிடப்பது வேறு, காய்ப்பது வேறு. நீரும் உரமும் கொடுத்தால்தான் சொல்லிக்கொள்ளும்படி காய்க்கிறது, அப்படிக் கொடுப்பதானால் அந்த இடத்தில் வேறு பயிரே வைக்கலாம். ஒரே கொத்தில் பச்சையும் மஞ்சளும் கறுப்புமாகக் காய் நிற்பதால் பல தடவை கையால் பறிக்க வேண்டும், கூலி விதை விலையை விழுங்கிவிடும். பிண்ணாக்கும் நச்சு, எருவாகுமே தவிர மாட்டுக்கு வைக்க முடியாது. கோயம்புத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களை ஆராய்ந்து 2010இல் வெளியான ஆய்வொன்றும், விளைச்சல் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு, சாகுபடி கட்டுப்படியாகவில்லை என்றே முடிவு கண்டது.

‘தரிசு’ என்ற சொல்லிலும் ஒரு பிழை இருந்தது. பதிவேட்டில் தரிசாக இருக்கும் நிலம் ஊரில் ஆடு மேயும் இடமாகவும் விறகு பொறுக்கும் இடமாகவும் இருக்கிறது. இடையே ஒன்று: 1900இல் பாரிஸ் கண்காட்சியில் டீசல் இயந்திரமொன்றை ஓட்டிக் காட்டியது மணிலா எண்ணெயில்தான். உங்கள் தந்தையார் அந்த மணிலாவை விட்டுவிட்டுத்தான் காட்டாமணக்குக்குப் போயிருக்கிறார்!

பதில் 2: கழிவுப்பாகு

சர்க்கரை ஆலையின் வடிப்பாலைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எத்தனாலுக்கு விலையும் வாங்கும் ஆளும் உறுதியாக இருப்பதால் காட்டாமணக்குக்கு நேர்ந்தது இதற்கு நேராது. ஆனால் எதிலிருந்து வடிக்கிறோம் என்று கேட்க வேண்டும். எடுக்க முடிந்த சர்க்கரை முழுவதையும் எடுத்த பின் மிஞ்சும் கழிவுப்பாகில் வடித்தால் அது உண்மையான துணைப்பொருள். கரும்புச் சாற்றையே நொதிக்க வைத்தால் அது கரும்புக் கொல்லையின் தண்ணீரை வண்டியின் பெட்ரோல் தொட்டியில் ஊற்றுவதுதான். கரும்பு எத்தனால் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 2,860 லிட்டர் நீர் செலவாகிறது என்று மத்திய அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக்கின் 2021ஆம் ஆண்டு அறிக்கையே சொல்கிறது. 2023இல் மழை பொய்த்ததும், டிசம்பரில் கரும்புச் சாற்றை எத்தனாலுக்குத் திருப்பக் கட்டுப்பாடு வந்தது. எத்தனாலுக்கான சுமை மக்காச்சோளத்தின் மேல் விழுந்தது, தீவன விலை ஏறுகிறதென்று கோழிப் பண்ணையாளர்கள் குறைபட்டார்கள்.

பிரேசிலை எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். அங்கே 1975இல் திட்டம் தொடங்கியது. பெரும்பாலான கரும்பு மழையிலேயே விளைகிறது. எந்தக் கலவையிலும் ஓடும் கார்கள் 2003 முதல் விற்பனையில் இருப்பதால், அன்றைய விலையைப் பார்த்து எதைப் போடுவது என்று ஓட்டுநரே முடிவு செய்கிறார். ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலின் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்குதான் இருக்கிறது, ஆகவே 20 விழுக்காட்டுக் கலவையில் ஏறத்தாழ 7 விழுக்காடு ஆற்றல் குறைகிறது. அதற்கேற்ப விலையும் குறைய வேண்டுமென்று கேட்பவரை நான் குறை சொல்லமாட்டேன்.

பதில் 3: சோதனைக்குழாய்

கல்லூரியில் வேதியியல் கற்பிக்கிறேன். பயிரை விட்டுவிட்டு, பலகாரக் கடையில் ஒதுக்கும் எண்ணெயைப் பாருங்கள். திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது எண்ணெயில் உண்டாகும் முனைவுச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் நடப்பில் உள்ளது. அந்த எண்ணெயைத் திரட்டி, டீசலில் கலக்கத்தக்க பயோடீசலாக்கும் திட்டமும் அதே ஆண்டில் வந்தது. மெத்தனாலும் எரிசோடாவும் சேர்த்து 60 டிகிரியில் கலக்கி வைத்தால், சில மணி நேரத்தில் அடியில் கருஞ்சிவப்பாகக் கிளிசரின் தங்கி, மேலே தேன் நிறத்தில் எரிபொருள் தெளிந்து நிற்கும். முதன்முறை என் மாணவிகள் செய்தபோது எண்ணெயில் அமிலம் மிகுந்திருந்ததால் குடுவை முழுவதும் சோப்புக் கூழாகிவிட்டது. பிறகுதான் அமிலத்தை முதலில் அளந்துகொள்ளப் பழகினோம். அளவு பெரிதன்று என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 2030க்குள் டீசலில் 5 விழுக்காடு என்பது இலக்கு, நாம் ஒரு விழுக்காட்டைக்கூட எட்டவில்லை.

கேள்வியாளர்: மானாவாரிக்காரன்

மூவருக்கும் நன்றி. வரப்போரம் பதினோரு புங்கமரங்கள் நிற்கின்றன. அவற்றை வெட்டலாமா, வைத்திருக்கலாமா?

பதில்: தரிசு

வெட்ட வேண்டாம். விதையைச் செக்கில் ஆட்டினால் எண்ணெய்க்கு எப்போதும் ஆள் உண்டு, பிண்ணாக்கை மணிலாவுக்கு அடியுரமாகப் போடலாம். ஆனால் இதற்கென்று யாராவது ஒப்பந்தத் தாளோடு வந்தால், கையெழுத்துப் போடுமுன் இங்கே ஒரு வரி எழுதுங்கள்.