வேலையிடக் காப்புறுதியை (பெனிபிற்ஸ்) வேண்டாமென்றால் கனடா அரசாங்கப் பல் திட்டத்தில் தொடரலாமா?

இரவுவேலை (ஸ்காபரோ):
இதுவரை ஏஜென்சி வேலை, பெனிபிற்ஸ் எதுவும் இல்லை. குடும்ப வருமானம் 70,000 டொலருக்குக் கீழே என்பதால் பல் காப்புறுதி இல்லாதவர்களுக்கான அரசாங்கப் பல் திட்டத்தில் நாங்கள் கட்டும் பங்கு பூச்சியம். மனைவிக்கு ரூட் கனல் முடிந்து, கிரவுனுக்கு (பல்லின் மேல் போடும் உறை) திட்டத்தின் முன் அனுமதியும் வந்துவிட்டது. இப்போது என்னை நிரந்தரமாக்குகிறார்கள், மூன்று மாதத்தில் பெனிபிற்ஸ். பல்லுக்கு 80 வீதம் தருவார்களாம், அதுவும் வருடத்துக்கு 1,000 டொலர் வரைதான். கிரவுன் அதில் இல்லை. இதற்குச் சம்பளத்திலும் வெட்டு. கையெழுத்துப் போடாமல் விட்டால் பழைய திட்டத்திலேயே இருக்கலாமா?

ரி4 அக்கா:
முடியாது தம்பி. நீங்கள் எடுத்தீர்களா என்று அவர்கள் பார்ப்பதில்லை, எடுக்க வாய்ப்பு இருந்ததா என்றுதான் பார்ப்பார்கள். சம்பளத்தில் வெட்டுகிறார்கள் என்ற சாக்கும் எடுபடாது. முதலாளி வருடாவருடம் வரிக்குத் தரும் சம்பளச் சீட்டான ரி4 இல் 45 ஆம் பெட்டியைப் பாருங்கள். 1 என்றால் பல் காப்புறுதி இல்லை, 2 என்றால் உங்களுக்கு மட்டும், 3 என்றால் மனைவி பிள்ளைகளுக்கும். டிசம்பர் 31 நிலவரத்தை முதலாளி அதில் போட்டே ஆகவேண்டும். நான் வரிக்கணக்குச் செய்கிறவள், பங்குனி மாதம் முழுக்க இந்தப் பெட்டியோடுதான் மல்லுக்கட்டு. 2 என்றால் நீங்கள் மட்டும் வெளியே, வீட்டில் மற்றவர்களுக்குத் தொடரும். எந்த எண் வரும் என்று முதலில் எச்.ஆரிடம் (ஆளணிப் பிரிவு) கேளுங்கள்.

மார்க்கம் மாமா:
எல்லோரும் பல்லையே பிடித்துத் தொங்குகிறீர்கள். ஒன்ராறியோ அரசாங்க மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் டொக்டருக்கும் ஆஸ்பத்திரிக்கும் கொடுக்கும், பார்மசி மாத்திரைக்குக் கொடுக்காது. மருந்துக்கு 25 வயதுக்குக் கீழே ஓஹிப் பிளஸ், 65 க்கு மேல் இன்னொரு திட்டம், நடுவில் இருக்கிற நாங்கள்தான் கைக்காசு போடுகிறோம். பெனிபிற்ஸ் இல்லாத காலத்தில் என் சுகர் மருந்துக்கு டிரில்லியம் என்ற ஒன்ராறியோ மருந்து உதவித் திட்டத்தில் பதிந்தேன். அதிலும் வருமானத்தில் ஏறக்குறைய 4 வீதம் நாங்கள் கட்டிய பிறகுதான் உதவி வந்தது. வீட்டில் மாதாமாதம் மருந்து வாங்குகிற ஆள் இருந்தால் அந்தச் சம்பள வெட்டெல்லாம் ஒரு வெட்டா? அப்புறம், பிள்ளைகளுக்கும் மருந்துக் காப்புறுதி வந்தால் ஓஹிப் பிளஸிலிருந்து கழன்றுவிடுவார்கள். பார்மசியில் புது அட்டையைக் காட்டுங்கள்.

இரவுவேலை:
எச்.ஆரில் கேட்டேன், 3 தான். மனைவிக்குத் தைரொயிட், எனக்குப் பிரஷர், இரண்டு பேருக்கும் தினமும் மாத்திரை. சரி, கையெழுத்துப் போடுகிறேன். லாப்பிலிருந்து கிரவுன் வர இரண்டு வாரமாம், பெனிபிற்ஸ் தொடங்குமுன் போட்டுவிடலாம்.

ரி4 அக்கா:
போடுங்கள். திட்டம் தருவதற்கு மேலேயும் சில கிளினிக்குகள் எடுக்கும், பல்லுக்கு அச்செடுக்க முன்பே தொகையைக் கேளுங்கள். பெனிபிற்ஸ் தொடங்கியதும் சேர்விஸ் கனடா என்ற அரசாங்க அலுவலகத்துக்கு அறிவித்துவிடுங்கள்.