மொரீஷியஸின் ஈல் ஓ ஸேர் தீவில் ஒரு கோடை நாள்: புதிதாக வந்தவர்களுக்கு

கேள்வி:
எபெனில் வேலைக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. காத்ர் போர்னில் வீடு. இந்த வார இறுதியில் ஈல் ஓ ஸேர் தீவுக்குப் போகலாம் என்றிருக்கிறோம். நாங்கள் இருவர், 4 வயதிலும் 9 வயதிலும் பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா. கார் இல்லை. எப்படிப் போவது, எதில் கவனமாக இருக்க வேண்டும்?

ஃப்ளாக் பக்கத்திலிருந்து:
தம்பி, சனிக்கிழமை போங்க. நீங்க பஸ் மாற வேண்டிய கிழக்குப் பக்க ஊர் ஃப்ளாக்கில் ஞாயிறும் புதனும் சந்தை நாள். காலையிலேயே ரோடு அடைத்துக்கொள்ளும், பஸ் நகராது. தீவிலும் ஞாயிறுதான் கூட்டம். டிசம்பர் கடைசியிலும் ஜனவரி 1, 2 இரண்டு நாளும் பிள்ளைகளோடு அந்தப் பக்கமே வேண்டாம்.

மெட்ரோவில் தலைநகர் போர்ட் லூயி வந்து, ‘ஆப்ரவாசி காட்’ என்ற பழைய குடியேறிகள் துறைக்குப் பக்கத்தில் இருக்கும் இமிக்ரேஷன் பஸ் நிலையத்தில் ஃப்ளாக் பஸ் ஏறுங்க. ஃப்ளாக்கில் இறங்கி த்ரூ தோ தூஸ் என்ற கடலோர ஊருக்கு வேறு பஸ். படகு அங்கிருந்துதான். ஐந்து பேர் என்பதால் டாக்சி பேசினாலும் பரவாயில்லை. ஏறுவதற்கு முன்பே போக வர எவ்வளவு, காத்திருக்க எவ்வளவு என்று முடிவு செய்துகொள்ளுங்க. ‘Cerfs’ என்ற எழுத்தைப் பார்த்து ‘செர்ஃப்ஸ்’ என்று சொன்னால் கண்டக்டருக்குப் புரியாது, ‘ஈல் ஓ ஸேர்’ என்றே சொல்லணும். மான் தீவு என்று அர்த்தம், ஆனால் பிள்ளைகளிடம் மான் காட்டுகிறேன் என்று சொல்லிக் கூட்டிப்போகாதீங்க.

பணம் ஃப்ளாக்கிலேயே எடுத்துவிடுங்க, கையில் ரொக்கம் இருக்கணும். நோட்டில் தமிழ் எழுத்தைப் பார்த்ததும் நம்ம ஊர்க் கணக்கு மனசில் ஓடும். ஆனால் இந்த ரூபாயின் மதிப்பு நம்ம ரூபாயைவிட அதிகம்.

த்ரூ தோ தூஸ் நெருங்கும்போதே வழியில் கை காட்டி நிறுத்தி ‘படகு இருக்கு’ என்பார்கள். அங்கேயே பேசி முடிக்காதீங்க, துறைக்குப் போய் இரண்டு மூன்று பேரிடம் கேளுங்க. படகோட்டியின் பெயர் தமிழ்ப் பெயராக இருக்கலாம், பேச்சு இந்த ஊர் மொழியான கிரியோல்தான். ‘கொம்யே சா?’ என்றால் எவ்வளவு. ‘கி லேர் தெர்ன்யே பாத்தோ?’ என்றால் கடைசிப் படகு எத்தனை மணிக்கு. இந்த இரண்டும் தெரிந்தால் போதும்.

பணம் கொடுக்கும் முன் நான்கு விஷயம் தெளிவாகணும். சொல்லும் விலை போக வர இரண்டுக்குமா? சின்னப் பிள்ளைக்கு எவ்வளவு? திரும்பும்போது எந்தப் படகில் வேண்டுமானாலும் ஏறலாமா, இவர் படகு மட்டும்தானா? தீவில் ஜெட்டியில் இறக்குவாரா, மணல் ஓரத்திலா? மணல் ஓரம் என்றால் முழங்கால் தண்ணீரில் இறங்கணும். அம்மா சேலையில் வந்தால் சிரமம், சுடிதார் போடச் சொல்லுங்க. படகோட்டி ‘அருவியும் சேர்த்து’ என்றால் அது க்ராந்த் ரிவியேர் ஆற்று வாய்க்குப் படகில் போய்வருவது. அருவியைப் படகிலிருந்தபடிதான் பார்க்கணும். 4 வயசுப் பிள்ளைக்கு வெயிலில் அது அலைச்சல், விட்டுவிடுங்க.

படகில் ஏறும் முன் லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்குங்க. பெரியவர் அளவைச் சின்னவனுக்கு மாட்டிவிட்டால் தண்ணீரில் ஆள் நழுவிக் கீழே போய்விடுவான், ஜாக்கெட் மட்டும் மிதக்கும். மாட்டிய ஜாக்கெட்டின் இரண்டு தோளையும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்க. காது வரைக்கும் ஏறினால் அது அவனுக்கு உதவாது. சின்ன அளவு இல்லை என்றால் வேறு படகு பாருங்க. அவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

பெரிய படகில் கால் மணி, இருபது நிமிஷத்தில் தீவு. முதல் படகில் போய், கடைசிக்கு முந்தைய படகில் திரும்புங்க. கடைசிப் படகில் எல்லோரும் ஒன்றாக முண்டுவார்கள், அதைவிட்டால் வேறு வழி கிடையாது. மாலை ஆறுக்கு மேல் இந்தப் பக்கம் பஸ்ஸும் குறைந்துவிடும்.

ரோஸ் ஹில்லிலிருந்து:
வெயிலைப் பற்றி நான் சொல்கிறேன். புதிதாக வருகிறவர்கள் ஏமாறுவது அதில்தான். இங்கே மார்கழியும் தையும்தான் கத்திரி. நவம்பர் கடைசியிலும், மறுபடி ஜனவரி மூன்றாம் வாரத்திலும் உச்சி சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும். 12 மணிக்கு நின்று பார்த்தால் உங்கள் நிழல் காலடிக்குள் சுருண்டு கிடக்கும். கடல்காற்று அடிப்பதால் சுடுவதே தெரியாது, ராத்திரி குளிக்கும்போதுதான் தோள் எரியும்.

கரையில் இருப்பவை சவுக்கு மரங்கள். சவுக்கு நிழல் சல்லடை நிழல், முழு நிழல் என்று நம்பிப் பிள்ளையைத் தூங்கவைக்காதீர்கள். ஒரு வேட்டியோ பழைய பருத்திச் சேலையோ கொண்டுபோய் இரண்டு மரத்துக்கு நடுவே கட்டினால் நல்ல நிழல் கிடைக்கும். சூரியன் நகர நகர அதையும் நகர்த்திக் கட்ட வேண்டும். 11 முதல் 3 வரை அங்கேயே சாப்பாடு, தூக்கம் எல்லாம். குளியல் காலையிலும் 3 மணிக்குப் பிறகும். பிள்ளைகளுக்கு முழுக்கைச் சட்டை போட்டே தண்ணீரில் விடுங்கள். வெயில் கிரீம் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம், குளித்து ஏறினால் உடனே மறுபடியும் தடவ வேண்டும். தண்ணீர் ஆளுக்கு 2 லிட்டர். முந்தின ராத்திரி பாட்டில்களில் பாதியை ஃப்ரீசரில் வையுங்கள், சாப்பாட்டுப் பையையும் அதுவே குளிர வைக்கும்.

தீவில் உணவகம் உண்டு, ஆனால் ஐந்து பேருக்குக் கட்டுப்படியாகாது. தேங்காய்ச் சட்னி வேண்டாம், பத்து மணிக்கே ஊசிவிடும். புளியோதரை நல்லெண்ணெய் தாராளமாக விட்டுக் கிளறினால் சாயங்காலம் வரை நிற்கும். தயிர்சாதத்துக்கு ஒரு டம்ளர் அரிசியைக் குழைய வடித்து, மசித்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிடுங்கள். காய்ச்சி ஆறிய பால் இரண்டு டம்ளர், தயிர் ஒரே ஒரு மேசைக்கரண்டி. காலை ஆறுக்குப் பிசைந்தால் இந்தச் சூட்டில் மதியத்துக்குச் சரியாக உறைந்திருக்கும். முழுக்கத் தயிர் ஊற்றிப் பிசைந்தால் சாப்பிடும் நேரத்துக்குப் புளித்துவிடும். வழியில் ஃப்ளாக்கில் சூடாக தால் பூரி வாங்கினால் காலைப் பலகாரமும் முடிந்தது. தட்டு வீட்டிலிருந்தே எஃகுத் தட்டு. ஒருமுறை வீசும் பிளாஸ்டிக் தட்டு, கரண்டி வகைகளுக்கு இங்கே 2021 ஜனவரியிலிருந்து தடை.

மாயெபூரிலிருந்து:
தண்ணீரைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. இது அலை அடிக்கும் கடல் இல்லை. பவளப்பாறை வெளியே அலையைத் தடுத்துவிடும், உள்ளே குளம் மாதிரி இருக்கும். அதனால்தான் ஆபத்து தெரியாது. பாறையைத் தாண்டி உள்ளே கொட்டிய தண்ணீர் எங்காவது வெளியேற வேண்டும் அல்லவா? தீவுகளுக்கு நடுவே இருக்கும் ஓடைகள் வழியாக இழுத்துக்கொண்டு ஓடும். பக்கத்துத் திட்டு கைக்கெட்டும் தூரத்தில் தெரிகிறது என்று நடந்தோ நீந்தியோ கடக்கப் பார்க்காதீர்கள்.

நிறத்தைப் பாருங்கள். வெளிர் பச்சை என்றால் அடியில் மணல், ஆழம் குறைவு. கரு நீலம் என்றால் ஓடை, மணல் சட்டென்று சரியும் இடம். பழுப்புத் திட்டு என்றால் பாறை அல்லது பாசி. பிள்ளைகள் வெளிர் பச்சையில் மட்டும், பெரியவர் ஒருவர் அவர்களுக்கும் நீலத்துக்கும் நடுவே நிற்க வேண்டும். காப்பாற்ற ஆள் இருப்பார்கள் என்று நம்பி இறங்காதீர்கள். இழுப்பில் சிக்கினால் எதிர்த்து நீந்தாமல் மல்லாந்து மிதந்து, கையை உயர்த்திக் கூப்பிட்டு, பக்கவாட்டில் ஒதுங்க வேண்டும்.

காலில் ரப்பர் செருப்பு போதாது, மணலில் கழன்றுவிடும். பின்பட்டை உள்ள, அடி தடித்த பிளாஸ்டிக் செருப்பு வேண்டும். பாறைப் பக்கம் ‘ஊர்சேன்’ என்கிற கறுப்பு முள் உருண்டைகள் உண்டு. அதைவிடக் கொடியது ‘லாஃப்’. கல்லைப் போலவே கிடக்கும் மீன், முதுகு முள்ளில் விஷம். குத்தினால் காலைத் தாங்கக்கூடிய வெந்நீரில், சுமார் 45 டிகிரி, வலி குறையும்வரை ஊறவைக்க வேண்டும். அரை மணி முதல் ஒன்றரை மணி வரை ஆகலாம். குத்திய கால் மரத்துப்போய்ச் சூடு தெரியாது, ஆகவே வேறொருவர் கைவிட்டுப் பதம் பார்க்க வேண்டும். உணவகத்தில் வெந்நீர் கேளுங்கள், அதே நேரம் படகோட்டியைக் கூப்பிடுங்கள். 114 அடித்தால் ஆம்புலன்ஸ், ஆனால் அது கரைக்குத்தான் வரும். படகோட்டியின் எண் போனில் முதலில் இருக்க வேண்டும். பிள்ளைகள் சிப்பி, பவளம் பொறுக்கிப் பையில் போட்டால் திரும்பப் போடச் சொல்லுங்கள், எடுப்பது சட்டப்படி குற்றம்.

கேட்டவர்:
மிக்க நன்றி அண்ணா, அக்கா. புயல் காலம் என்கிறார்களே?

ஃப்ளாக் பக்கத்திலிருந்து:
நவம்பர் முதல் ஏப்ரல் வரை கவனிக்கணும் தம்பி. எச்சரிக்கை 1 முதல் 4 வரை. 4 என்றால் 120 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வந்தே விட்டது என்று அர்த்தம். நீங்கள் 1 வந்ததுமே திட்டத்தை விட்டுவிடுங்க. எச்சரிக்கை இல்லாத நாளிலும் முந்தின நாள் பலத்த மழை என்றால் ஆற்றுத் தண்ணீர் கலங்கி வந்திருக்கும், அடி தெரியாது. காலை ஏழு மணிக்குப் படகோட்டிக்கு ஒரு போன் போட்டு, படகு ஓடுதா, தண்ணீர் தெளிவா என்று கேட்டபிறகு மெட்ரோ ஏறுங்க.