அப்பச்சிக்குப் பக்கவாதம், மகளுக்கு வயிற்றுவலி

கேள்வி (காரைக்குடி):
அப்பச்சி (என் அப்பா) படுத்து நாலு மாதம் ஆகிறது. ஆத்தாவுக்கு ராத்தூக்கமே இல்லை. சென்னை அண்ணன் பணம் அனுப்புகிறார், அதோடு சரி. மாத்திரை, பிசியோதெரபி எல்லாம் நான்தான். பத்தாவது படிக்கும் என் மகளுக்கு அடிக்கடி வயிற்றுவலி, ஸ்கேனில் ஒன்றுமில்லை. எங்கே தொடங்குவது?

தேவகோட்டையிலிருந்து:
தம்பி, அந்த வலி நிஜம், நடிப்பு என்று நினைக்காதீர்கள். மர்ரே போவன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1950களில் நோயாளிகளோடு அவர்கள் குடும்பத்தையும் மருத்துவமனையிலேயே தங்கவைத்து ஆராய்ந்தார். வீட்டில் ஒருவருடைய பதற்றம் இன்னொருவரிடம் நோயாக வெளிப்படலாம் என்றார். தாத்தாவின் நிலைமையை மகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

பள்ளத்தூரிலிருந்து:
அண்ணனிடம் பணம் கேட்காதீர்கள், நாள் கேளுங்கள். எங்கள் வளவில், அதாவது பங்காளிகள் சேர்ந்து வாழும் பெரிய வீட்டில், தனித்தனி அடுப்புதான். ஆனாலும் ஐயா படுத்தபோது ராக்காவலுக்கு முறை வைத்தோம்.

கேட்டவர்:
அண்ணன் பத்து நாள் வந்திருக்கிறார். நேற்று ஆத்தா வீட்டின் உள்பக்கம் இரண்டாங்கட்டுப் பகுதியில் விடியும்வரை தூங்கினார்கள்.