ஆட்கள் நிலைக்கிறார்கள் இல்லை, இருப்பவர்கள் வாய் திறக்கிறார்கள் இல்லை: என்ன செய்யலாம்?

ஹட்டன் பெக்கிங்

எல்லோருக்கும் வணக்கம். ஹட்டன் பக்கம் தேயிலையும் மசாலாத் தூளும் பெக்கற் போடும் சின்ன இடம் ஒன்று நடத்துகிறேன். மொத்தம் 22 பேர். பெக்கிங்கில் 14 பெண்கள், அதில் முக்கால்வாசிப் பேர் பக்கத்து இரண்டு தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள், நான்கு சிங்களப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஒரு சுப்பவைசர். மற்றவர்கள் லொறி, ஸ்டோர், கணக்கு.

ஓட்டை விழுந்த பெக்கற் கடைவரை போய்த் திரும்பி வருகிறது, வேலை இடத்தில் ஒருவரும் முதலில் சொல்வதில்லை. தீபாவளி முடிந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு மூன்று பேர் வேலையை விட்டு நின்றுவிடுகிறார்கள். சுப்பவைசர் கத்தினால்தான் வேலை நடக்கிறது, அவர் லீவு போட்டால் எல்லாமே என் போனுக்கு வருகிறது. மாதம் முழுக்க லீவு போடாமல் வந்தால் 3,000 ரூபாய் கொடுக்கிறேன். பழுதான பெக்கற்றுக்கு விலையைச் சம்பளத்தில் பிடிக்கிறேன். இரண்டாலும் பெரிய மாற்றம் இல்லை. கொழும்பிலிருந்து ஆள் கூப்பிட்டு மோட்டிவேஷன் வகுப்பு ஒன்று வைக்கலாமா என்று யோசிக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய டீமேக்கர்

வகுப்புக்குச் செலவழிக்க இருக்கும் காசில் புதுச் சீலர் (பெக்கற் வாயைச் சூட்டில் ஒட்டும் இயந்திரம்) ஒன்று வாங்குங்கள். பிறகு அந்த அபராதத்தை இந்த மாதமே நிறுத்துங்கள். அபராதம் இருக்கும் இடத்தில் பழுதான பெக்கற் பெட்டியின் அடியில்தான் போகும். அதைக் கண்டவளுக்குச் சொன்னால் நட்டம், சொல்லாவிட்டால் நட்டமில்லை.

சீல் ஏன் விடுகிறது என்று பாருங்கள். டஸ்ட் வகைத் தேயிலை (பொடியானது) நிரப்பும்போது தூள் பறந்து சீல் விழும் இடத்தில் படியும், அந்த இடத்தில் பிளாஸ்டிக் ஒட்டாது. மேலே நல்ல கோடு தெரியும், கையால் அமுக்கினால் மூலையில் காற்றுப் போகும். சீலரின் டெஃப்லான் துணி தேய்ந்தாலும் கரிந்தாலும் இதே கதை. கரண்ட் ஏறி இறங்கினால் சூடும் மாறும். மசாலாவுக்குப் பிறகு உடனே தேயிலை போட்டால் மணமும் ஏறும். தராசைக் காலையில் பூச்சியம் பார்க்காமல் தொடங்கினால் நாள் முழுக்க நிறை பிழைக்கும். இதில் எது அந்தப் பிள்ளையின் கவனக்குறைவு? பெரும்பாலும் இயந்திரமும் முறையும்தான், காசு மட்டும் அவள் சம்பளத்தில் போகிறது.

அபராதத்துக்குப் பதிலாக ஒரு தாள் வையுங்கள். அரை மணிக்கு ஒரு தடவை ஐந்து பெக்கற் எடுத்து நிறுத்து, அமுக்கி, சந்தேகம் இருந்தால் வாளித் தண்ணீரில் அமிழ்த்திப் பார்ப்பது. நேரம், நிறை, சீல், என்ன கண்டது, என்ன செய்தது என்று ஐந்து கட்டம் போதும். பெயர் எழுதும் கட்டம் வேண்டாம். யார் பார்த்தார்கள் என்று தெரிய வேண்டுமென்றால் முறை வைத்து ஆள் மாற்றுங்கள், தாளில் எழுதாதீர்கள். டெஃப்லான் துணியும் சீலர் வயரும் எப்போதும் இரண்டு செட் மேசை லாச்சியில் இருக்கட்டும், மாற்ற உங்களிடம் கேட்க வேண்டிய அவசியமே வரக்கூடாது.

முதல் இரண்டு வாரம் பழுது எண்ணிக்கை கூடும். பயப்படாதீர்கள், மறைந்திருந்தது வெளியே வருகிறது, அவ்வளவுதான். முதன்முதலாக ஒருவர் வந்து "சேர், இந்தப் பெட்டி சரியில்ல" என்று சொல்லும்போது உங்கள் வாயிலிருந்து என்ன வருகிறது என்பதை 22 பேரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். "யார் செஞ்சது?" என்று கேட்டால் எல்லாம் முடிந்தது. "நல்லது, காட்டினீங்க. எத்தனை மணியில இருந்து இப்படி?" என்று கேளுங்கள். மணி தெரிந்தால் எந்தப் பெட்டிவரை திறந்து பார்க்க வேண்டும் என்று தெரியும், பெயர் தெரிந்து என்ன பயன்?

காலையில் ஏழு எட்டு நிமிடம் எல்லோரும் நின்றபடி ஒரு பேச்சு. நேற்று எத்தனை போட்டோம், எத்தனை திரும்பியது, இன்றைய ஓடர் என்ன, வராதவர் இடத்தில் யார், இன்று சரிசெய்ய வேண்டியது ஒன்று. இதைச் சுப்பவைசர் நடத்தட்டும். நீங்கள் ஓரமாக நின்று கடைசியில் பேசுங்கள், முடிந்தால் பேசாமலே இருங்கள். நடுவில் நின்று நீங்களே பேசினால் அது தோட்டத்தில் காலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கும் பெரட்டுக்களம் ஆகிவிடும், தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

பண்டாரவளை அக்கா

டீமேக்கர் அண்ணன் சொன்ன தாள் ஓடுவதும் ஓடாததும் சுப்பவைசர் கையில். நம் பக்கத்தில் வழக்கமாக நடப்பது என்ன? வேகமாகப் பெக்கற் போட்ட பிள்ளையைச் சுப்பவைசர் ஆக்குவோம். சம்பளத்தில் சின்ன வித்தியாசம், பொறுப்பு முழுவதும், அதிகாரம் பூச்சியம். லீவு கொடுக்க முடியாது, இயந்திரத்தை நிறுத்த முடியாது, நூறு ரூபாய் செலவழிக்க முடியாது. அவரிடம் மிச்சம் இருப்பது குரல் மட்டும்தான். கத்தாமல் வேறு என்ன செய்வார், தம்பி?

அவருக்கு எழுத்தில் மூன்று அதிகாரம் கொடுங்கள். பழுது கண்டால் கேட்காமல் லைனை நிறுத்தலாம். ஒரு நாளில் இரண்டு பேர் வரைக்கும் அரை நாள் லீவு கொடுக்கலாம். 2,000 ரூபாய் வரை சாமான் வாங்கிப் பில் வைக்கலாம். பிறகு அவர் எடுத்த முடிவை எல்லோர் முன்னாலும் மாற்றாதீர்கள். பிடிக்கவில்லையென்றால் மாலையில் தனியாகச் சொல்லுங்கள். அவர் மறுத்த லீவை ஒரு பிள்ளை உங்களிடம் வந்து கேட்டு நீங்கள் கொடுத்தால், அடுத்த நாளிலிருந்து எல்லா லீவும் உங்களிடம்தான் வரும்.

திருத்திச் சொல்லும் முறையையும் பழக்க வேண்டும். கண்டதைச் சொல்வது, அதனால் என்ன ஆகிறது என்பது, இனி எப்படி என்பது, இந்த மூன்றுதான். "ஒனக்கு எத்தன தரம் சொல்றது, கண்ணு தெரியலையா" என்பதில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. "மூலையில தூள் இருக்கு, அதனால சீல் விடுது, துடைச்சிட்டு அமுக்கு" என்றால் போதும், அதையும் பக்கத்தில் போய்ச் சின்னக் குரலில். மற்றவர்கள் முன்னால் கத்தினால் அது அன்று மாலையே லயத்துக்கு (அவர்கள் குடியிருக்கும் தோட்ட வரிசை வீடுகளுக்கு) போய்விடும், அடுத்த முறை ஆள் தேடும்போது அந்த லயத்திலிருந்து ஒருவரும் வர மாட்டார்கள்.

இன்னொன்று. சுப்பவைசரும் பாதிப் பிள்ளைகளும் ஒரே தோட்டம், சொந்தக்காரர் என்றால், புகார் சொல்ல அவரைத் தவிர இன்னொரு வழி கட்டாயம் இருக்க வேண்டும். சொந்தம் அல்லாத ஒரு மூத்த பெண்ணை அதற்கென்று சொல்லி வையுங்கள். லொறி ஆட்கள் இரவில் பிள்ளைகளுக்குப் போன் எடுப்பது, மெசேஜ் போடுவது எல்லாம் "சின்ன விஷயம்" இல்லை. பாலியல் தொந்தரவு இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின் கீழ் குற்றம், வேலை இடமும் அதில் அடங்கும். அறிவித்தல் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டுங்கள். காலைப் பேச்சிலும் அப்படித்தான், ஒவ்வொரு விஷயமாக இரண்டு மொழியிலும் சொல்லிக்கொண்டு போக வேண்டும். கடைசியில் மொத்தமாக மொழிபெயர்த்தால் ஒரு பக்கத்தார் போனைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

நீங்கள் மாதம் ஒருமுறை ஒவ்வொருவருடனும் பத்து நிமிடம் தனியாகப் பேசுங்கள், வாரத்துக்கு ஐந்தாறு பேர் என்று பிரித்தால் முடியும். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து "ஏதும் பிரச்சினையா?" என்று கேட்டால் "இல்ல சேர்" என்றுதான் வரும். "இந்த மாசம் எந்த வேலைய ரெண்டு தரம் செய்ய வேண்டி வந்திச்சு?", "எது கிடைக்காம காத்துக்கிட்டு நின்னீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். கேட்டதில் ஒன்றையாவது அந்த வாரத்துக்குள் செய்யுங்கள். இல்லையென்றால் அடுத்த மாதமும் "இல்ல சேர்"தான்.

கணக்கு மேசை

பண்பாடு, தலைமைத்துவம் என்று பேசுவதற்கு முன் சம்பளத் துண்டைப் பாருங்கள். பிள்ளைகள் உங்களை நம்புவதா இல்லையா என்பதை அங்கேதான் முடிவு செய்கிறார்கள்.

பழுதான பெக்கற்றின் விலையை முதலாளி தன் எண்ணப்படி சம்பளத்தில் வெட்ட முடியாது, எதைப் பிடிக்கலாம் என்பதற்குச் சட்டத்தில் வரையறை உண்டு. ஊழியர் சேமலாப நிதிக்கு அவர்கள் 8 வீதம், நீங்கள் 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு நீங்கள் மட்டும் 3 வீதம். இந்த 3 வீதத்தைத் தொழிலாளியிடம் பிடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அது பிழை. அடிப்படைச் சம்பளத்தைச் சின்னதாகக் காட்டி மிச்சத்தை "அலவன்ஸ்" என்று பிரித்தும் தப்ப முடியாது. வாழ்க்கைச் செலவுப்படி, சாப்பாட்டுப்படி போன்றவையும் கணக்கில் வரும், ஓவர்டைம் வராது. அடுத்த மாத முடிவுக்குள் கட்டாவிட்டால் சேமலாப நிதிக்கு மேலதிகக் கட்டணம் 5 வீதத்தில் தொடங்கி 50 வீதம் வரை ஏறும்.

உங்களிடம் 22 பேர் என்பதால் இன்னும் இரண்டு விஷயம். 15 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி பணிக்கொடை. மாதச் சம்பளக்காரருக்கு ஒரு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். கடைசிச் சம்பளம் 40,000, சேவை 7 வருடம் என்றால் 20,000 × 7 = 140,000 ரூபாய். இதை மாதாமாதம் ஒதுக்கி வைக்காத முதலாளி, ஐந்து வருடம் நெருங்கும் பிள்ளைக்குத் தொல்லை கொடுக்கத் தொடங்குவார். எல்லோருக்கும் அது விளங்கும். இரண்டாவது, "நாளைக்கு வர வேணாம்" என்ற பேச்சு. ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நிறுத்துவதானால் ஒன்றில் அவருடைய எழுத்து மூலச் சம்மதம் வேண்டும், அல்லது தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும்.

அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம். வாரம் 45 மணித்தியாலம், ஓவர்டைம் ஒன்றரை மடங்கு, இரண்டாம் வருடத்திலிருந்து வருடாந்த லீவு 14 நாள், அமய லீவு 7 நாள். பெக்கிங் பகுதி எந்தச் சம்பளச் சபைக்குள் (தொழில் வகைக்கு ஏற்பக் குறைந்த சம்பளம் தீர்மானிக்கும் சபை) வருகிறது என்று தொழில் அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்கி வையுங்கள். நியமனக் கடிதம் அவரவர் மொழியில். நம் ஆட்களில் பலர் ஆங்கிலக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அதில் என்ன இருக்கிறது என்று யாரிடமும் கேட்காமல் வேலை செய்கிறார்கள்.

மஸ்கெலியா மழை

அந்த 3,000 பற்றி யாரும் பேசவில்லையே. முழு மாதமும் வந்தால்தான் காசு என்றால், 4ஆம் திகதி பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நின்றவளுக்கு மிச்ச நாளெல்லாம் வர என்ன காரணம்? காசு போயே போய்விட்டது. தோட்டத்தில் முன்பு கூட்டு ஒப்பந்தத்தில் 75 வீத வருகைக்கென்று ஒரு கொடுப்பனவு இருந்தது. கொஞ்சம் குறைந்தாலும் மொத்தமும் போகும் அந்த ஏற்பாட்டோடு நம் ஆட்களுக்கு இருந்த கோபம் ஊரறிந்தது. அதையே ஏன் திரும்பக் கொண்டுவர வேண்டும்?

படிப்படியாக வையுங்கள். லீவு ஒரு நாள் வரைக்கும் 3,000, இரண்டு நாள் என்றால் 2,000, மூன்று என்றால் 1,000. முந்திய நாள் மாலைக்குள் சொல்லிவிட்டு எடுத்த லீவைப் பாதி நாளாகக் கணக்கிடுங்கள். சொல்லாமல் நிற்பதுதான் உங்களுக்கு உண்மையான தலைவலி, காசை அங்கே வையுங்கள்.

மழை நாள் லீவு வேறு. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், அம்பர், சிவப்பு என்று மூன்று மட்டத்தில் விடுகிறது. உங்கள் ஆட்கள் இருக்கும் பிரதேச செயலகப் பிரிவுக்கு அம்பரோ சிவப்போ வந்தால் அன்றைய லீவு எந்தக் கணக்கிலும் வரக்கூடாது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகத்தைப் போட்ட போடுக்குப் பிறகு இதை விளக்க வேண்டியதில்லை. சம்பளம் உண்டா, பாதியா என்பதையும் இப்போதே எழுதி ஒட்டுங்கள், மழை தொடங்கிய பிறகு தீர்மானிக்க முடியாது.

ஹட்டன் பெக்கிங்

நன்றி. இவ்வளவு விபரமாக வரும் என்று நினைக்கவில்லை. அபராதத்தை இந்தச் சம்பளத்தோடு நிறுத்துகிறேன். தீபாவளி விஷயம் மட்டும் பாக்கி. தோட்டத்தில் போல நானும் தீபாவளி அட்வான்ஸ் 20,000 கொடுக்கிறேன், ஐந்து மாதத்தில் பிடிக்கிறேன். வாங்கியவர்களில்தான் ஆட்கள் வேலையை விட்டு நிற்கிறார்கள். அட்வான்ஸை நிறுத்திவிடலாமா?

பண்டாரவளை அக்கா

நிறுத்தாதீர்கள் தம்பி. மலையகத்தில் அட்வான்ஸ் இல்லாத தீபாவளி கிடையாது, நீங்கள் கொடுக்காவிட்டால் வட்டிக்கு வாங்குவார்கள். கணக்கைப் பாருங்கள்: ஐந்து மாதம் என்றால் மாதம் 4,000. டிசம்பர், ஜனவரியில் கொப்பி, சப்பாத்து, சீருடைச் செலவு வரும்போது கைக்கு வரும் சம்பளம் மிகக் குறைவு. அந்த நேரம் கொழும்பில் கடையிலோ கார்மென்ட்ஸிலோ முழுச் சம்பளம் என்று யாராவது சொன்னால் கிளம்பிவிடுவார்கள், மிச்சக் கடனும் போய்விடும். பத்து மாதம், மாதம் 2,000 என்று ஆக்குங்கள், ஜனவரியில் பிடிக்க வேண்டாம். அடுத்த தீபாவளிக்கு முன் முடிந்துவிடும். கொடுக்கும்போதே பிடிக்கும் மாதங்களை எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஒரு பிரதி அவர்களிடம் இருக்கட்டும்.

லீவுக்கு, ஜனவரியிலேயே இரண்டு தோட்டத்துக் கோயில் திருவிழாத் திகதிகளையும் கேட்டுக் கலண்டரில் குறியுங்கள். தேர் அன்று 14 பேரில் பத்துப் பேர் வரமாட்டார்கள், அன்று இயந்திரம் சுத்தம் செய்ய வைத்துக்கொண்டு ஓடரை முன்வாரத்தில் முடியுங்கள். சித்திரை வருடப்பிறப்புக்குச் சிங்களப் பிள்ளைகள், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தமிழ்ப் பிள்ளைகள் என்று ஒருவர் இடத்தை ஒருவர் பார்த்துக்கொள்ள அவர்களே பேசி எழுதட்டும், நீங்கள் பட்டியல் போட்டுக் கொடுக்காதீர்கள்.

பழைய டீமேக்கர்

அக்கா சொன்னதோடு ஒன்று. ஒரு மாதம் முன்னாலேயே சொல்லிவிட்டுப் போகிறவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். கடைசி நாளன்றே சம்பளத்தைத் தீர்த்து, சேவைக் கடிதத்தைக் கையில் கொடுத்து, சேமலாப நிதிப் பத்திரங்களில் உங்கள் பக்கத்தை நிரப்பி அனுப்புங்கள். பெரும்பாலான இடங்களில் போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து அந்தப் பிள்ளையை ஆகாதவளாகப் பார்ப்பார்கள், பிந்திய சம்பளத்துக்கு மூன்று தரம் அலைய விடுவார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் மற்றவள் ஏன் முன்கூட்டிச் சொல்லப் போகிறாள்?