தவறு தெரிந்தும் ஏன் சொல்லாமல் இருக்கிறார்கள்?

பாயான் லெப்பாஸ்வாசி:

வணக்கம். பினாங்கில் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் 8 ஆண்டுகள் வேலை செய்த பிறகு, போன மாதம்தான் மேற்பார்வையாளரானேன். என் லைனில் 14 பேர். தமிழர், மலாய்க்காரர், சீனர், நேப்பாளத்தார் என எல்லோரும் இருக்கிறோம். சென்ற வாரம் இரவு ஷிப்டில் ரெசிஸ்டர் எனும் சிறு மின்பாகங்கள் சுற்றிய ரீலை மாற்றும்போது வேறொரு ரீல் இயந்திரத்தில் ஏறிவிட்டது. மூன்று பேருக்குத் தெரிந்திருந்தும், காலையில் தரச் சோதனையில் பிடிபடும் வரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. குழு உணர்வு வளர எல்லோரையும் லங்காவிக்கு அழைத்துப் போகலாம் என்கிறது நிர்வாகம். அன்றாட வேலையில் நானே செய்யக்கூடியது ஏதேனும் உண்டா?

பிறை, ஓய்வுபெற்ற மேலாளர்:

தம்பி, லங்காவிக்குப் போய் வாருங்கள், நல்ல ஊர்தான்; ஆனால் திங்கட்கிழமை அதே லைனுக்குத்தானே திரும்ப வேண்டும்? என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். காலைப் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுப்பில், மண்டோர் (கங்காணி) போட்ட சத்தத்தைப் பற்றிக் கடைசி வரை பேசிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் என் தொண்டையிலும் குடியேறியிருந்ததை 40 வயதுக்குப் பிறகே உணர்ந்தேன். ஒரு பெண் வந்து, "சார், தப்பாகிவிட்டது" என்றதும், "யார் செய்தது?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டேன். அதன்பின் ஓராண்டு எந்தத் தவறும் என் காதுக்கு வரவில்லை. கழிவுத் தொட்டி மட்டும் நிறைந்துகொண்டே போனது. பிறகு முதல் கேள்வியை "எங்கே நடந்தது, வாருங்கள் பார்ப்போம்" என்று மாற்றிக்கொண்டு அவர்களோடு இயந்திரத்தடிக்கு நடந்தேன். ஷிப்டு மாறும் பத்து நிமிடத்தில் என்னுடைய தவறு ஒன்றை முதலில் நானே சொல்வதையும் வழக்கமாக்கினேன். பேச்சு வருவதற்கு மூன்று மாதம் ஆயிற்று, பொறுமை வேண்டும்.

கோலாலம்பூர் மனிதவளப் பிரிவு:

ஐயா சொன்னதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. மருத்துவமனைத் தாதியர் குழுக்களை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன், நன்றாக வழிநடத்தப்பட்ட குழுக்களிலேயே மருந்துத் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்ததைக் கண்டு முதலில் திகைத்தார். அங்கே தவறை மறைக்காமல் சொன்னார்கள் என்பதே அதற்கு அவர் கண்ட விளக்கம். ஆகவே உங்கள் லைனில் புகார்கள் கூடினால் பதறிவிடாதீர்கள்.

இன்னொன்று, பதில் கிடைக்காத கோரிக்கையும் மனிதர்களை ஊமையாக்கும். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் திருத்தங்கள் 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளன. அவற்றின்படி ஒருவர் வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றித் தருமாறு எழுதிக் கேட்டால், முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதிலளிக்க வேண்டும். மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். அம்மாவை டயாலிசிஸுக்கு அழைத்துப் போக ஷிப்டு மாற்றம் கேட்டவரை 59 நாள் காக்கவைத்தால் சட்டம் மீறப்படாது. ஆனால் அவர் அடுத்த முறை எதையும் கேட்கமாட்டார், சொல்லவும்மாட்டார். முடியாது என்றாலும் அதை அந்த வாரத்திலேயே சொல்லிவிடுங்கள். இரவு 11 மணிக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்) வேலைச் செய்தி அனுப்பும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.

பட்டர்வொர்த்காரன்:

எல்லாவற்றையும் மன்னிக்க வேண்டுமென்பதில்லை. பாதுகாப்புக் கண்ணாடியை வேண்டுமென்றே கழற்றி வைப்பவரைத் தனியே அழைத்துக் கண்டிக்கத்தான் வேண்டும். மற்றபடி, காலை விளக்கத்தை எந்த மொழியில் தருகிறீர்கள்? வேகமான மலாயில் என்றால், நேப்பாளத் தோழர்கள் தலையாட்டுவதைச் சம்மதமென்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பாயான் லெப்பாஸ்வாசி:

மூவருக்கும் நன்றி. நேற்று ஷிப்டு மாறும்போது, ரீல் எண்ணை இரண்டாம் ஆளிடம் சரிபார்க்கச் சொல்ல மறந்தது என் தவறு என்றேன். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு நேப்பாளத் தம்பி இரண்டு ரீல்களைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். லேபிளில் கடைசி எழுத்து மட்டுமே வேறு, அதுவும் இரவு விளக்கில் தெரியாத அளவுக்குப் பொடியாக இருந்தது. ஆறு மாதமாகவே அது தமக்குத் தெரியும் என்றார். இன்று ஒன்றில் சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறோம்.