தனியாக வாழும் தோழிகளே, உங்களுக்காக யார் கையெழுத்துப் போடுவார்கள்?

வணக்கம். எனக்கு 43 வயது. திருமணம் வேண்டாம் என்பது நானே யோசித்து எடுத்த முடிவு, அதில் வருத்தமில்லை. "இன்னும் அமையலையா?" என்ற கேள்விக்கும் பழகிவிட்டேன். நான் கேட்க வந்தது வேறு.

போன மாதம் ஒரு சின்ன அறுவை சிகிச்சை. படிவத்தில் 'கணவர் பெயர்' என்ற இடத்தில் கோடு போட்டேன். "அப்போ யார் கையெழுத்துப் போடுவாங்க?" என்றார்கள். சுயநினைவோடு உட்கார்ந்திருக்கும் நான் என் சம்மதத்தை நானே தரலாமே! ஆனாலும் அண்ணன் வரும்வரை இரண்டு மணி நேரம் காக்க வைத்தார்கள். இருபது வருடத் தோழி பக்கத்திலேயே இருந்தாள். அவள் கையெழுத்து போதாதாம். அவள் முகம் வாடியதுதான் இன்னும் உறுத்துகிறது.

எனக்கு நினைவு தப்பினால் சிகிச்சை பற்றி முடிவெடுக்கும் உரிமையை அவளுக்கு எழுதிக் கொடுக்க நினைக்கிறேன். உயில் இறந்த பிறகுதான் பேசும், இதற்கு உதவாது. சாதாரண பவர் பத்திரமும் பல நாடுகளில் நினைவு தப்பியதும் செல்லாமல் போய்விடுகிறது. அதனால் மருத்துவத்துக்கென்றே தனியாக எழுத வேண்டும் போலிருக்கிறது.

உங்களில் யாராவது இப்படி எழுதி வைத்திருக்கிறீர்களா? மருத்துவமனையில் காட்டியபோது ஏற்றுக்கொண்டார்களா? அப்புறம், கூடப் பிறந்தவர்களிடம் மனம் நோகாமல் எப்படிச் சொன்னீர்கள்? அண்ணன் பாசமானவர். ஆனால் என் விருப்பம் என்னவென்று அவரைவிட அவளுக்குத்தான் தெரியும்.