மறு: படகை 'வின்டரைஸ்' செய்வதற்குத் தமிழ்ச்சொல் – உறைகாப்பு என்று வைப்போமா?

குழு அன்பர்களுக்கு வணக்கம்.

மூன்று நாளாக வந்த மடல்களை இன்று காலைதான் ஒரே மூச்சில் படித்தேன். நான் இருப்பது கனடாவின் ஒன்டாரியோவில், சிம்கோ ஏரிக்கரையிலுள்ள பேரி நகரில். வீட்டு வாசலில் 16 அடி அலுமினியப் படகு ஒன்று வண்டியோடு நிற்கிறது. அக்டோபர் பாதி தாண்டிவிட்டது. இந்த ஏரியைத் தொட்டுப் போகும் டிரென்ட்–செவர்ன் நீர்வழியில் படகுகளை நீர்மட்டம் மாற்றி ஏற்றி இறக்கும் அடைப்புக் கதவுகளையும் ('லாக்') பருவம் முடிந்ததென்று மூடிவிட்டார்கள். நீங்கள் தமிழ்ச்சொல் தேடிக்கொண்டிருக்கும் 'வின்டரைஸ்' வேலையை, அதாவது உறையும் குளிரில் கெடாதபடி படகைத் தயார்செய்து வைப்பதை, இந்தச் சனி, ஞாயிறில் நான் செய்தாக வேண்டும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> 'குளிர்காலச் சேமிப்பு' என்று போட்டால் போதாதா? எல்லாருக்கும் புரியுமே.

புரியும் ஐயா, ஆனால் தவறாகப் புரியும். அதனால் நான் ஓர் எஞ்சினை இழந்திருக்கிறேன்.

இங்கே வந்த புதிதில் பழைய படகு ஒன்று வாங்கினேன். எஞ்சின் படகுக்குள்ளேயே இருக்கும், விசிறி மட்டும் பின்பக்கமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அந்த வகை. இலையுதிர் காலம் வந்ததும் ஒரு படகுக் கொட்டகையில் கொண்டுபோய் விட்டுப் பணம் கட்டினேன். ரசீதில் 'ஸ்டோரேஜ்' என்று இருந்தது. குளிர்காலத்துக்கு வேண்டியது எல்லாம் அதில் அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன். ஏப்ரலில் போய் எண்ணெய்க் கோலை உருவிப் பார்த்தால் எண்ணெய் பால் கலந்த தேநீர் போல வெளுத்திருந்தது. எஞ்சின் கட்டையின் பக்கவாட்டில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். கொட்டகைக்காரர் சொன்னது நியாயம்தான்: நீங்கள் கேட்டது இடம், இடம் கொடுத்தோம். எஞ்சினிலிருந்து தண்ணீரை வடிப்பது வேறு வேலை, அதற்கு வேறு கூலி, அதை நீங்கள் கேட்கவே இல்லையே.

தண்ணீர் உறையும்போது கிட்டத்தட்ட 9 விழுக்காடு பெருக்கும். வார்ப்பிரும்பு அதற்கு வளைந்துகொடுக்காது. இந்த வகை எஞ்சின்களில் பெரும்பாலானவை ஏரித் தண்ணீரையே உறிஞ்சிக் குளிர்ந்துகொள்பவை. கரைக்கு வந்த பிறகும் உள்ளே தண்ணீர் தங்கிவிடும். அதை வடித்து, உறையாத திரவத்தை ஓடவிட்டால்தான் எஞ்சின் பிழைக்கும்.

ஆகவே வேலைக்கு ஒரு சொல், இடத்துக்கு ஒரு சொல் என்று இரண்டும் தனித்தனியாக வேண்டும். இந்த இழையில் நான் சொல்ல வந்தது இதுதான். இரண்டையும் 'சேமிப்பு' என்ற ஒரே மூட்டையில் கட்டினால், இங்கே புதிதாகப் படகு வாங்கும் நம்மவர் ஒவ்வொருவரும் நான் செய்த தவறையே செய்வார்கள். போதாக்குறைக்கு, 'குளிர்' பக்கத்தில் 'சேமிப்பு' வந்தாலே உருளைக்கிழங்கும் மீனும் வைக்கும் குளிர்பதனக் கிடங்குதான் நினைவுக்கு வருகிறது.

> அப்படியானால் 'பனிக்காப்பு'? சின்னச் சொல், வாயில் நன்றாக வருகிறது.

முதலில் நானும் இதற்குத்தான் கை தூக்க நினைத்தேன். முன்பனி, பின்பனி என்று பருவப்பெயராகவும் நமக்குப் பழகிய சொல். ஆனால் ஊரில் பனி என்றால் விடியலில் புல்லில் நிற்பது, மார்கழி மாதம் தலையில் துண்டு கட்ட வைப்பது. இங்குள்ளவர்களுக்கோ பனி என்றால் வானத்திலிருந்து கொட்டி, மண்வாரியால் அள்ளிப் போடும் பொருள். பனிக்காப்பு என்றால் அது படகின் மேல் விழாமல் தார்ப்பாய் கட்டுவது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். தார்ப்பாய்க்குக் கீழேயும் தண்ணீர் உறையும். படகைக் கெடுப்பது பெரும்பாலும் மேலே விழும் பனியல்ல, உள்ளே தங்கிய தண்ணீர்.

எனவே என் முன்மொழிவு: உறைகாப்பு. உறைதலிலிருந்து காப்பது. 'எஞ்சினுக்கு உறைகாப்பு செய்தாயிற்றா?' என்று கேட்டுப் பாருங்கள், எங்கும் இடறவில்லை.

> 'உறை' என்றால் மூடிதானே? தலையணை உறை, கையுறை. தார்ப்பாய்ச் சிக்கல் இங்கேயும் வருமே.

யாழ்ப்பாணத்து அக்கா கேட்டது நல்ல கேள்வி. இதைத்தான் நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். மூடி என்ற பொருளில் வரும் உறை பெரும்பாலும் சொல்லின் கடைசியில்தான் உட்காருகிறது: தலையணை உறை, கையுறை, காலுறை, வாளுறை. முன்னால் வரும்போது அது வினையாகிவிடுகிறது: உறைபனி, உறைநிலை, பாலில் விடும் உறைமோர். மூன்றிலும் உறைதல்தான் பொருள், ஒன்றில் நீர், ஒன்றில் பால் என்பதுதான் வேறுபாடு. உறைவிடம் என்பதில் தங்குதல் என்ற பொருள் வந்தாலும் அதுவும் வினையே. உறைகாப்பும் இந்த வரிசையில் சேர்ந்துகொள்ளும்.

இதற்கு விலக்கு உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. கீழடி அகழாய்வுக்குப் பிறகு எல்லார் வாயிலும் புழங்கும் உறைகிணறு. அங்கே உறை முன்னால் வந்தும் சுடுமண் வளையத்தைத்தான் குறிக்கிறது. ஆனால் உறைகிணறு என்று கேட்டு உறைந்துபோன கிணறு என்று யாரும் நினைப்பதில்லை. எஞ்சின் பக்கத்தில் உறைகாப்பு என்று வந்தால் அதற்கு வளையம் போடுவதாகவும் நினைக்க மாட்டார்கள்.

இன்னொரு அன்பர், உறைகாப்பு என்பது உள்ளே ஊற்றும் அந்த இளஞ்சிவப்புத் திரவத்தின் பெயர் போல ஒலிக்கிறது என்றார். அதற்கு 'உறைதடுப்பி' இருக்கிறது. செய்யும் பொருளுக்கு இகர ஈறு, செய்யும் வேலைக்குக் காப்பு. உறைகாப்பின்போது உறைதடுப்பி ஊற்றுகிறோம், அவ்வளவுதான். (படகுக்குப் புரோப்பிலீன் கிளைக்கால் வகையையே வாங்குங்கள். காரில் வழக்கமாக ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் நஞ்சு, வசந்தத்தில் அது ஏரியில்தான் போய்ச் சேரும்.)

சரி, உறைதல் மட்டுமா படகைக் கெடுக்கிறது? எத்தனால் கலந்த பெட்ரோல் தொட்டியில் ஈரத்தை இழுத்துக்கொண்டு கெடுகிறது. எலி இருக்கைப் பஞ்சைக் கடித்துக் கூடு கட்டுகிறது. காற்றோட்டம் இல்லாமல் இறுகக் கட்டிய தார்ப்பாய்க்குள் பூசணம் பூக்கிறது. டயர் ஒரே பக்கம் அழுந்தித் தட்டையாகிறது. இவற்றை எல்லாம் உறைகாப்புக்குள் திணித்தால் சொல் வீங்கிவிடும். முழு வேலைக்கும் ஒரு பெயர் வேண்டும். அதற்கு நாம் புதிதாக எதுவும் செய்ய வேண்டியதில்லை என்பது என் எண்ணம். 'கடையை ஏறக்கட்டு' என்கிறோமே, அந்த ஏறக்கட்டு போதும். படகை நிஜமாகவே மேலே ஏற்றித்தான் கட்டுகிறோம். 'படகை ஏறக்கட்டியாச்சா?' என்று என் பக்கத்துத் தெரு நண்பரிடம் போன வருடம் கேட்டேன். விளக்கம் சொல்லாமலே புரிந்துகொண்டு, இன்னும் இல்லை, ஒரு வாரம் மீன் பிடித்துவிட்டுத்தான் என்றார்.

ஏறக்கட்டினால் திரும்ப எடுப்பதில்லை என்ற தொனி வருகிறது என மதுரை ஐயா எழுதியிருந்தார். கடைக்கு அப்படித்தான். படகுக்கு 'பனிக்கு ஏறக்கட்டினேன்' என்று ஒரு நான்காம் வேற்றுமையைச் சேர்த்துவிட்டால் வசந்தத்தில் இறக்கப்போகிறோம் என்பது தானே தெரிகிறது.

> நீரிலிருந்து மேலே எடுப்பதற்குக் 'கரையேற்றம்' என்பது சமயச்சொல் போல இல்லையா?

பெண்ணைக் கரையேற்றுவது, பிறவிக்கடலிலிருந்து கரையேறுவது, எல்லாம் உண்டு. ஆனால் அந்த வழக்குகள் பிறந்ததே படகைப் பார்த்துத்தானே! தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அந்த நாட்களில் விசைப்படகுகளைக் கரையேற்றித்தான் பழுது பார்த்து வண்ணம் பூசுகிறார்கள். அங்கே வெயிலில், இங்கே பனியில், வேலை ஒன்றுதான். கரையேற்றம் அப்படியே இருக்கட்டும். அதற்கு மறுதலையாக மே மாதத்தில் வருவது நீரிறக்கம்.

இனி டிரெய்லருக்கு, அதாவது படகை ஏற்றிக் காரின் பின்னால் இழுத்துப்போகும் வண்டிக்கு வருகிறேன். இந்த இழையில் அதிகம் அடிபட்ட சொல் இதுதான்.

'படகு இழுவை' வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். இழுவைப்படகு என்றால் பாக்கு நீரிணையின் இரண்டு கரையிலும் இழுவைமடி போடும் படகு. அந்தச் சொல்லுக்குப் பின்னால் எத்தனை பேருடைய வாழ்வும் வருத்தமும் இருக்கின்றன. அதன் பக்கத்தில் இரண்டு சக்கர வண்டி ஒன்றைக் கொண்டுபோய் நிறுத்தக் கூடாது. 'பின்னிழுவண்டி' சரியான சொல்தான், ஆனால் யாரும் இரண்டாம் முறை சொல்ல மாட்டார்கள். படகுவண்டி என்றே இருக்கட்டுமே. மாட்டுவண்டியை மாடு இழுப்பதுபோல் படகுவண்டியைப் படகு இழுக்குமா என்று ஓர் அன்பர் கேட்டிருந்தார். தண்ணீர்வண்டியைத் தண்ணீரா இழுக்கிறது? சுமக்கும் பொருளின் பெயரை வண்டிக்கு வைப்பதும் நம் வழக்கம்தான்.

வண்டி என்ற சொல்லை விட மனமில்லாததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. வண்டி வந்தால் கூடவே அதன் உறுப்புகளின் பெயர்களும் வந்துவிடும். சக்கரத்தின் நடுப்பகுதிக்குக் குடம், குறுக்கே போவது அச்சு, குடத்துக்குள் இடுவது மசகு. எல்லாம் வண்டிப்பட்டறைச் சொற்கள். படகுவண்டியின் உயிரே அந்தக் குடத்தில்தான் இருக்கிறது. நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓடிவந்த குடம் சூடாக இருக்கும். அப்படியே பின்னால் விட்டுக் குளிர்ந்த ஏரித் தண்ணீரில் இறக்குகிறோம். உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, அடைப்பு வளையத்தைத் தாண்டித் தண்ணீரை உள்ளே இழுத்துவிடும். அந்தத் தண்ணீர் மாதக்கணக்கில் பேரிங்கில் தங்கித் துருவேற்றும். முதல் கோடைப் பயணத்தில் சக்கரம் இறுகிப்போய் வழியில் நிற்க வைக்கும். ஆகவே குடத்தைத் திறந்து பழைய மசகைத் துடைத்து, புதிய மசகு இடுவதை வசந்தத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள், ஏறக்கட்டும்போதே செய்துவிடுங்கள்.

வெளியே மாட்டும் எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கு உறைகாப்பு எளிது. எஞ்சினை நிமிர்த்தி நேராக நிற்க வைத்தால் தண்ணீர் தானே வடிந்துவிடும். மேலே தூக்கிய நிலையில் விட்டால்தான் தொல்லை. கீழே பற்சக்கர எண்ணெயைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, முழுவதையும் மாற்ற வேண்டும். பெட்ரோல் கெடாமல் காக்கும் மருந்தை ('ஸ்டெபிலைசர்') தொட்டியில் ஊற்றி, எஞ்சினுக்குத் தோட்டக்குழாயால் தண்ணீர் கொடுத்துக்கொண்டே பத்து நிமிடம் ஓட்டினால் அந்த மருந்து உள்வரை போய்ச் சேரும். பேட்டரியை முழுக்க மின்னேற்றிக் கழற்றிவிடுங்கள். முழுதாக மின்னேறிய ஈயப் பேட்டரி மைனஸ் 50 டிகிரியிலும் தாங்கும், காலிப் பேட்டரி மைனஸ் 10ஐ ஒட்டியே உறைந்து வெடித்துவிடும்.

படகின் அடியில் உள்ள வடிதிருகைக் கழற்றி, அணியம் சற்று உயர்ந்து நிற்கும்படி வண்டியை முட்டுக்கொடுத்து நிறுத்துங்கள். அணியம் என்ற சொல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள், படகின் முன்தலைக்கு நம் கரைகளில் வழங்கும் பெயர் அது. வடிதிருகு என்பது நான் என் சாவிக்கொத்துத் துண்டில் எழுதிவைத்திருக்கும் சொல், இதைவிட நல்லது கிடைத்தால் மாற்றிக்கொள்வேன். ஒன்டாரியோவில் 2022 ஜனவரி 1 முதல், படகைச் சாலையில் கொண்டுபோகும் முன் இந்தத் திருகைக் கழற்றி நீரை வடிப்பதும், ஒட்டிய நீர்ச்செடிகளை அகற்றுவதும் சட்டப்படி கட்டாயம். ஒரு ஏரியின் சிப்பியும் களையும் இன்னோர் ஏரிக்குப் போகாமல் இருக்கத்தான் அது. எங்கள் சிம்கோவில் வரிக்குதிரைச் சிப்பி ஏற்கெனவே வந்துவிட்டது.

ஆக, கரையேற்றம், உறைகாப்பு, ஏறக்கட்டு, நீரிறக்கம், படகுவண்டி. இந்த ஐந்தையும் குழுவின் பட்டியலில் சேர்க்கலாமா என்று கேட்கிறேன். முதலாவதிலும் நான்காவதிலும் யாருக்கும் மறுப்பு இருக்காது என்று நினைக்கிறேன். உறைகாப்பில் மறுப்பு இருந்தால் எடுத்துக்காட்டோடு எழுதுங்கள், வெறுமனே பிடிக்கவில்லை என்றால் எனக்கு உதவாது.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஏறக்கட்டும் முன் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, உருளைக்குள் எண்ணெயைப் புகைபோல் தெளிப்போம், உள்சுவரில் துரு ஏறாமல் இருக்க. அந்த எண்ணெய்க்கு இங்கே மூடுபனி என்ற பொருளில் 'ஃபாகிங் ஆயில்' என்று பெயர். 'மூடுபனி எண்ணெய்' என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. 'துருகாப்பெண்ணெய்' என்று எழுதினால் வேலை தெரிகிறது, ஆனால் வெளியே பூசும் எண்ணெயோடு குழம்பும். இயந்திரப் பட்டறையில் வேலை பார்த்தவர்கள் யாராவது இதற்கு வழங்கும் சொல்லைத் தெரிந்திருந்தால் சனிக்கிழமைக்குள் எழுதுங்கள். டப்பாவின் மேல் தமிழில் ஒட்டிவைக்க ஒரு துண்டுக் காகிதம் வெட்டி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
பேரியிலிருந்து